செண்பகத்தை மிரட்டிய நாள்

உத்தமபாளையத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நின்ற செண்பகம், என் முதல் மனைவி கோம்பையில் தன் அப்பா வீட்டு மரத்தடியில் முளைத்த கன்றைக் கொண்டுவந்து வைத்தது. கல்யாணமான வருடமே நட்டாள். வேரில் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும் என்று மண்ணை மேடாக அணைத்தாள். கோடையில் தென்னங்கீற்று மறைப்பு. ஆடிக் காற்றில் கிளை முறியாமல் மூங்கில் ஊன்றிப் பழந்துணியால் கட்டுவாள். நான் மாலையில் வந்து பார்ப்பேன், அவ்வளவுதான்.

மரம் கூரைக்கு மேல் வளர்ந்தும் பூக்கவில்லை. எங்களுக்குக் குழந்தையும் இல்லை. என் அக்கா இரண்டையும் ஒரே மூச்சில் விசாரிப்பாள். வேறு பெண் பார்க்கட்டுமா என்று என்னிடம் தனியாகக் கேட்டபோது நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அடுப்படியில் இருந்த மனைவிக்கு அது கேட்டிருக்கும்.

ஆறாவது வருடச் சித்திரையில் அக்கா தேனியிலிருந்து வந்திருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் கொல்லையில் கூடியிருந்தார்கள். பூக்காத மரத்தை மிரட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒருவர் கோடரியை ஓங்க வேண்டும். இன்னொருவர் மரத்துக்காக மன்றாட வேண்டும்.

"ஏலே படிச்சவனே, கோடாலிய எடு" என்ற அக்கா, என் மனைவியிடம் திரும்பினாள். "மரத்துக்கு நீ பேசுத்தா. அதோட கஷ்டம் உனக்குத்தேன் தெரியும்."

பெண்கள் சிரித்தார்கள்.

மதுரையில் தாவரவியல் படித்தவன் நான். விதையில் வந்த செண்பகம் பூக்க எட்டு வருடம்கூட ஆகும் என்று தெரியும். அதைச் சொல்லியிருந்தால் விளையாட்டு அங்கேயே நின்றிருக்கும். சொல்லாமல் கோடரியை எடுத்தேன்.

"பூக்கிறியா, வெட்டிப் போடவா?"

அவள் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள். "வெட்டிராதீக. இன்னுங் கொஞ்ச நாள் பொறுத்துப் பாருங்க."

"எத்தன நாளைக்கு?" என்றாள் அக்கா. மறுபடி சிரிப்பு. நானும் சிரித்துக்கொண்டே பட்டையில் ஒரு கொத்துக் கொத்தினேன்.

அந்த வாரமே அவள் கோம்பைக்குப் போய்விட்டாள். நான் கூப்பிடப் போகவில்லை. ஆடியில் நான் மூங்கில் ஊன்ற மறந்ததில், மரத்தில் ஒரு கிளை முறிந்துபோயிற்று.

மறு வருடம் மழைக்குப் பிறகு மரம் பூத்தது. மிரட்டியதால்தான் பூத்தது என்று அக்கா தெருவெல்லாம் சொன்னாள். அதற்குள் சின்னமனூரில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருந்தாள், நானும் தலையாட்டியிருந்தேன். முதலில் பூத்ததை வாழையிலையில் சுற்றிக்கொண்டு கோம்பைக்கு வண்டி கட்டினேன்.

மனைவி பொட்டலத்தைப் பிரித்து முகர்ந்தாள். "காம்பு ஒடியாமப் பறிச்சிருக்கீக" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெட்டியக் கட்டட்டுமா?" என்றாள்.

"பூவக் குடுத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

அவள் என் தோளுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தாள். மாடுகள் வண்டியில் பூட்டியபடியே நின்றன. அவிழ்க்க வேண்டாம், உடனே திரும்பிவிடுவேன் என்று வண்டிக்காரரிடம் இறங்கும்போதே சொல்லியிருந்தேன்.