ராகித்தாளில் வழுக்கிய கார்

ஐம்பத்திரண்டு வயதில் கார் ஓட்டக் கற்றுக்கொள்வோம் என்று டெய்சி கனவிலும் நினைத்ததில்லை. கணவர் மாணிக்கராஜுக்குச் சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் என்றானபோது வேறு வழி இல்லாமல் போயிற்று. தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலிலிருந்து பேத்தமங்களா தாண்டி முல்பாகல் ஆஸ்பத்திரி வரை போக வேண்டும். மகள் டீனா விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் வேலைக்குப் போகிறவள். கார் வாங்கும்போது அவள் ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றாள்.

"ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இல்லாத வண்டி வேணாம்மா. வழுக்குனா, எந்தச் சக்கரத்துக்கு வேணுமோ அதுக்கு அதுவே பிரேக் போடும்."

"ஏசி இருந்தா போதும்டி. அப்பாவுக்கு வேர்க்கக் கூடாது" என்றாள் டெய்சி.

இரண்டு வருடமாக அதே சாலை. அவரை எழுப்பி, குளிப்பாட்டி, ஏற்றி, இறக்கி, பெஞ்சில் காத்திருந்து, மறுபடி ஏற்றி. உடம்பு அலுத்துப்போனது அவளுக்கே தெரியவில்லை.

தை மாதத்தில் ஒரு மதியம். டயாலிசிஸ் முடிந்து, பக்கத்து சீட்டில் மாணிக்கராஜ் தூங்கிக்கொண்டு வந்தார். டெய்சிக்கும் கண் சொருகியது. வண்டிகள் ஏறி மணி உதிரட்டும் என்று ஊர்க்காரர்கள் அறுத்த ராகித்தாளைக் கதிரோடு சாலையில் பரப்பியிருந்தார்கள். தாளில் டயர் ஏறிய சத்தத்தில் திடுக்கிட்டு விழித்தவள், ஸ்டீயரிங்கை ஒரேயடியாக ஒடித்துவிட்டாள். காரின் பின்பக்கம் வழுக்கிப் புளியமரத்தை நோக்கித் திரும்பியது.

"ஏசுவே!"

அவள் பிரேக்கை மிதிக்குமுன்பே அடியில் எதுவோ கடகடவென்று அதிர்ந்தது. டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு மின்னி மின்னி மறைந்தது. யாரோ ஒரு பக்கச் சக்கரத்தை இழுத்துப் பிடித்ததுபோல் கார் நேரானது. பிறகுதான் அவள் மிதித்தாள். வண்டி நின்றது.

தாள் புரட்டிக்கொண்டிருந்த பெண் கன்னடத்தில் திட்டிக்கொண்டே ஓடிவந்தாள். டெய்சியின் முகத்தைப் பார்த்ததும் திரும்பிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள்.

மாணிக்கராஜ் கண் விழித்தார். "இன்னா டெய்சி, வூடு வந்துடுச்சா?"

"இல்லீங்க. தண்ணி குடிக்க நின்னேன். நீங்க தூங்குங்க."

அன்று மாலை டீனாவிடம் மறைக்காமல் சொன்னாள். "உன் வண்டிதான் காப்பாத்துச்சு."

டீனா அழுதாள். "அத நம்பித் தூங்காதம்மா. டயருக்கு ரோட்டுல பிடி இருந்ததால நேராச்சு. ஸ்பீடா வந்திருந்தா அதாலயும் ஒண்ணும் பண்ண முடியாது."

"சனிக்கிழமை நீ கூட்டினு போறியா? என்னால முடியல."

இந்த இரண்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வராத வார்த்தை அது.

சனிக்கிழமை அவர்கள் கிளம்பியதும், துணி துவைக்க எழுந்த டெய்சி கட்டிலிலேயே சாய்ந்தாள். மதியம் அவர்கள் வந்து கதவைத் தட்டும்வரை எழவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் டீனா ஓட்டுகிறாள்; திங்களும் புதனும் இன்னும் டெய்சிதான்.