மாப்பிள்ளை மீனின் ஒற்றைக் கோடு

என் ராத்தாவின், அதாவது மூத்த சகோதரியின், கணவருக்கு மாத்தளை நகரத்தில் மிளகு வியாபாரம். பல்லேபொலையில் இரண்டு மீன்குளங்கள். குளத்தில் வளர்வது திலாப்பியா. நாங்கள் ஜப்பான் மீன் என்போம். அதில் ஆண்தான் விரைவில் பருக்கும். பெண் மீன் தின்பதையெல்லாம் முட்டைக்கும் குஞ்சுக்கும் கொடுத்துவிட்டு உள்ளங்கையளவில் நின்றுவிடும்.

போன போகத்தில் மச்சான் தாமே குஞ்சு பொரிக்க வைத்து நாவுலை விவசாயிகளுக்குக் கொடுத்தார். வளர்ந்தவை எல்லாம் பெண். அவர்களில் ஒருவர் பஸ்ஸில் எல்லோர் முன்னும், "முதலாளி, உங்கள் குளம் என்ன பெண்கள் பாடசாலையா?" என்று சிங்களத்தில் கேட்டுச் சிரித்தாராம். இந்த முறை பாதியாவது ஆண் தருவேன் என்று மச்சான் அங்கேயே வாக்குக் கொடுத்துவிட்டார். தவறினால் நாவுலைப் பக்கம் தலைகாட்ட முடியாது.

தகப்பனாக வைக்க நான்கு தொட்டிகளில் நான்கு மீன்கள் இருந்தன. முதல் தொட்டியில் இருந்ததை வீட்டில் எல்லோரும் 'மாப்பிள்ளை' என்றே கூப்பிட்டார்கள். முழங்கை நீளம், சிவந்த தாடை. போன முறை தகப்பனும் அதுதான். வயிற்றடியில் நீல மருந்தைத் தடவினால் துளைகள் தெரியும். ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. நானும் எண்ணினேன். இரண்டுதான்.

மீன்களின் மரபணுவை ஆராயும் பெண் ஒருவர், மாத்தளைத் தோட்டத்தில் பிறந்தவர், நான்கு குப்பிகள் தந்துவிட்டுப் போனார். துடுப்பில் அரிசியளவு நறுக்கிப் போட்டால் போதும். ஆண் வழியில் மட்டும் வரும் குறி அதில் இருந்தால் ஆய்வுகூட மெஷின் தரும் படத்தில் இரண்டு கோடு விழும், இல்லாவிட்டால் ஒன்று. மச்சான் நறுக்கினார், நான் குப்பிகளில் எண் எழுதினேன்.

இரண்டு வாரம் கழித்து அந்தப் பெண் தாளோடு வந்தார்.

"நானா," என்று மச்சானை அண்ணன் முறை சொல்லி அழைத்தார். "நாலுக்கும் ஒத்தக் கோடுதான். மாப்பிள்ளையும் மரபணுப்படி பொண்ணு."

ராத்தா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "இவ்வளவு நாளும் ஒரு பொண்ணையா மாப்புள்ளன்னு கூப்புட்டோம்!"

"ரெண்டு தொளை ஈக்கே மிஸ்! எண்ட கண் பொய்யா?" என்றார் மச்சான்.

"கண் பொய்யில்ல. குஞ்சா வாங்கினப்ப, ஆணாக்குற மருந்த தீனியில கலந்து குடுத்திருப்பாங்க. ஒடம்பு ஆணாயிருச்சி, மரபணு மாறல. அதுக்குப் பொறக்குறது எல்லாம் பொண்ணாத்தான் இருக்கும்."

போன போகத்தின் கதை விளங்கிவிட்டது. மெஷின் பிழை விட்டிருக்கும் என்று மச்சான் சொல்வார் என எதிர்பார்த்தேன். அவரோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஒண்டும் நாலும் ஒரே மாதிரியா?"

"அச்சு அசல்."

"அப்ப மெஷின் சரிதான்," என்றார் சோர்ந்து.

ராத்தாவுக்குச் சந்தேகம் வந்தது. "என்ன செஞ்சீங்க?"

மிளகு விற்கும்போது மச்சானுக்கு ஒரு வழக்கம் உண்டு. புதிதாக வாங்க வருபவரிடம் ஒரே சாக்கின் மிளகை இரண்டு பைகளில் காட்டுவார். இரண்டுக்கும் இரண்டு தரம் சொல்பவரோடு வியாபாரம் இல்லை. நான்காம் குப்பியிலும் மாப்பிள்ளையின் துடுப்பைத்தான் போட்டிருந்தார். பக்கத்தில் நின்று எண் எழுதியவன் நான், பார்த்து எழுதுவதே என் தொழில், நான் கவனிக்கவில்லை.

"எங்க ஆய்வுகூடம் பாஸா, நானா?" என்று கேட்டார் அந்தப் பெண். "அப்ப நாலாந் தொட்டி மீன யாரும் நறுக்கவே இல்லையா?"

"அந்த நோஞ்சானயா? அத நாளைக்கிச் சட்டியில பொரிக்க நெனச்சி ஈந்தேன்," என்றார் ராத்தா.

வால் கிழிந்த, ஆளைக் கண்டால் மூலையில் ஒதுங்கும் மீன் அது. இந்த முறை அந்தப் பெண்ணே நறுக்கினார். பொரியல் தள்ளிப்போனது. அடுத்த வாரம் மச்சானின் கைபேசிக்குப் படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தார், என்னிடம் நீட்டினார், ராத்தாவிடம் நீட்டினார். இரண்டு கோடு.

நோஞ்சான் தகப்பனானது. மாப்பிள்ளை இன்னும் முதல் தொட்டியில்தான் இருக்கிறது. அதைப் பொரிக்க மச்சான் விடவில்லை.

குஞ்சுகள் நாவுலைக்குப் போய்க் கையளவு வளர்ந்ததும் நீல மருந்துப் போத்தலோடு நாங்களும் போனோம். பஸ்ஸில் சிரித்த அதே மனிதரின் குளக்கரையில் மச்சான் மீன்களை ஒவ்வொன்றாகப் புரட்டி ஆண், பெண் என்று இரண்டு வாளிகளில் பிரித்தார். இரண்டும் ஏறக்குறையச் சேர்ந்தே நிரம்பின. அந்த மனிதர் இரண்டையும் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"சரி முதலாளி, இந்த வருஷம் கலவன் பாடசாலை."