லாரிக்குப் பின்னால் இரண்டு கார் தூரம்

இன்பராஜ் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குக் கார் ஓட்டுபவர். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர். தினமும் காலையில் வேலூரில் யோகலட்சுமியை ஏற்றிக்கொள்வார். கம்பெனியில் ஷூக்களின் தரம் பார்ப்பது அவள் வேலை. முன்சீட்டில் உட்கார்ந்து அன்றைய ஆர்டரைப் போனில் படித்துக்கொண்டே வருவாள்.

போன வருடம் ஆகஸ்டில் ஒருநாள் தூறல். பள்ளிகொண்டா தாண்டியதும் முன்னால் தோல் ஏற்றிய ஒரு லாரி, எண்பதில் போய்க்கொண்டிருந்தது. முந்த வழி கிடைக்கும் என்று இன்பராஜ் அதை ஒட்டியே போனார்.

"அண்ணா, கொஞ்சம் தள்ளி வாங்களேன். ரோடு ஈரமா கீது."

"நம்ம கண்ட்ரோல்லதாம்மா இருக்கு."

மாதனூர் அருகே ஒரு மாடு குறுக்கே வர, லாரிக்காரர் பிரேக்கை அழுத்தினார். இன்பராஜின் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே இடைவெளி தீர்ந்துவிட்டது. மிதித்தார். பெடல் காலடியில் நடுங்கியது, கார் நிற்கவில்லை. வலப்பக்கம் ஒடித்தார். காரின் இடப்பக்கம் லாரிக்கு அடியில் போனது.

அவருக்கு உதட்டில் மட்டும் காயம். யோகலட்சுமி ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோனாள்.

"லாரிக்காரன் சடன் பிரேக் போட்டுட்டான் சார்" என்றார் போலீஸிடம். அப்படியே எழுதிக்கொண்டார்கள். சாவு வீட்டில் அவருக்கு அழுகை வரவில்லை. மாலையை வைத்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு திரும்பினார்.

இருபது நாள் கழித்து அவள் கணவர் லோகநாதன் இன்பராஜின் வீட்டுக்கு வந்தார்.

"கடைசியா இன்னா பேசினா?"

இன்பராஜ் சுவரைப் பார்த்தபடி சொன்னார். "தள்ளி வாங்கன்னு சொல்லுச்சு. நான் கேக்கல. லாரிக்குப் பின்னால ரெண்டு கார் தூரந்தான் விட்டிருந்தேன்."

லோகநாதன் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"ஸ்டேஷன்ல இத சொன்னீங்களா?"

"இல்ல."

"போய் சொல்லுங்க."

மறுநாள் போய்ச் சொன்னார். யாருக்கோ நடந்ததைச் சொல்வதுபோல் இருந்தது. பிறகு விசாரித்த வண்டி ஆய்வாளர் கணக்குச் சொன்னார்: "எண்பதுல ஒரு செகண்டுக்கு இருபத்திரண்டு மீட்டர் போவும். நீ பிரேக்க மிதிக்கவே ஒரு செகண்ட் ஆய்டும். அப்புறம் ஈர ரோட்டுல நிக்க அம்பது மீட்டராவது வேணும். நீ விட்டது பத்து மீட்டர்."

ஆறு மாதம் லைசென்ஸ் போனது. கம்பெனியிலேயே அட்டைப்பெட்டி ஒட்டினார்.

இப்போது மறுபடி ஓட்டுகிறார். முன்வண்டி ஒரு கம்பத்தைக் கடந்ததும் எண்ணத் தொடங்குவார். தன் வண்டி அங்கே போய்ச்சேர மூன்று எண்ண வேண்டும், மழையென்றால் ஆறு. அந்த இடைவெளியில் எவனாவது நுழைந்தால், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி இடைவெளி விடுவார். பின்னால் ஹாரன் அடிப்பார்கள். "இன்னாண்ணா, லேட்டாவுது" என்பார்கள் வண்டியில் இருப்பவர்கள். அவர் எண்ணிக்கொண்டே ஓட்டுவார். கோபம் வருவதில்லை.

வழக்கு இன்னும் நடக்கிறது. வாய்தாவுக்கு லோகநாதனும் வருவார். போன முறை கோர்ட் வராந்தாவில், "சாப்ட்டீங்களா?" என்று கேட்டார்.

"ஆச்சு" என்றார் இன்பராஜ். சாப்பிட்டிருக்கவில்லை.