உறுமிக்கு இடம் விட்டு ஒரு புள்ளி

போன வாரம் ஈப்போ ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் முன்னால் நானும் என் தம்பி குமாரும் தலை குனிந்து உட்கார்ந்திருந்தோம்.

குமாருக்கு மலக்குடலில் புற்றுநோய். இதை எழுதவே எனக்குக் கூச்சம். நாங்கள் குடியிருக்கும் புந்தோங்கில் எல்லாரிடமும் "வயித்துல கட்டி" என்றுதான் சொல்லி வைத்திருந்தோம். விளைவு? ஆளாளுக்கு வயிற்றுக்குக் கஷாயம் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள்.

குமார் லாரி ஓட்டுகிறான். திருவிழா என்றால் உறுமி. தோளில் வாரைப் போட்டு, மேளத்தை வயிற்றோடு அணைத்து வாசிப்பான். அவனுக்கு ஒரே பயம்... ஆபரேஷனுக்குப் பிறகு மலம் இறங்க வயிற்றில் ஒட்டுவார்களே, அந்தப் பை. அது வந்துவிட்டால் உறுமி எங்கே தொங்கும்?

"ரோபோட்ல செஞ்சா பை கெடையாதுலா மச்சான்" என்று அவனோடு உறுமி வாசிக்கும் செட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். அதையே பிடித்துக்கொண்டான்.

"டாக்டர், ரோபோட்டே செய்யட்டும்."

டாக்டர் தமிழ்ப் பெண். லேசாகச் சிரித்தார். "அது தானா செய்யாது அண்ணே. நான் பக்கத்துல உக்காந்துதான் அதோட கைய ஆட்டணும்."

எனக்குக் கூச்சம் போய் ஆர்வம் வந்துவிட்டது. "வேற எப்படியெல்லாம் செய்வாங்க?"

தாளில் வரைந்து காட்டினார். வயிற்றில் சின்னத் துளைகள் போட்டு, கேமரா விட்டு, நீளமான கருவிகளை டாக்டரே பிடித்துச் செய்வது ஒன்று. அதே போன்ற துளைகள்தான், ஆனால் கருவியை ரோபோட் பிடிக்கும் — இடுப்புக் குழியின் குறுகலில் வளைந்து திரும்ப அது வசதி. கட்டி ரொம்பக் கீழே இருந்தால் மேலிருந்து பாதி, ஆசனவாய் வழியாக மீதி... அது இன்னொரு வழி.

"எது நல்லது டாக்டர்?"

"கட்டி எங்க இருக்கு, டாக்டர் கை எதுல பழகியிருக்கு... அதப் பொறுத்ததுதான் அக்கா. உங்க தம்பிக்கு ரோபோட்டே செய்யலாம். ஆனா எதுல செஞ்சாலும் பை வரும். கட்டி கீழ இருக்கு, தைச்ச எடம் ஆறணும். சில மாசத்துல எடுக்கப் பாப்போம். சில பேருக்கு எடுக்க முடியாமலும் போகலாம்."

குமார் முகம் செத்துவிட்டது. நான்தான் சொன்னேன்: "இவன் உறுமி வாசிப்பான் டாக்டர்."

"இத முதல்லயே சொல்லக்கூடாதா? பை எங்க வைக்கிறதுன்னு முன்னாடியே குறிச்சு வைப்போம். உறுமிய எடுத்துட்டு வாங்க."

நேற்று எடுத்துக்கொண்டு போனோம். லிஃப்டில் எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நர்ஸ் அவனை உறுமியை மாட்டச் சொல்லி, உட்காரவைத்து, குனியவைத்து, வார் எங்கே படுகிறது, மேளம் எங்கே உரசுகிறது என்று பார்த்தார். பை வைக்கும் வழக்கமான இடத்துக்குக் கொஞ்சம் மேலே மார்க்கர் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்.

"இந்தத் தைப்பூசத்துக்குக் கனம் தூக்கக்கூடாது. அடுத்ததுக்குப் பாக்கலாம்லா," என்றார்.

ஆபரேஷன் வெள்ளிக்கிழமை. அதுவரை புள்ளி அழிந்துவிடக் கூடாதென்று, குளிக்கும்போதுகூட ஒரு கையால் மூடிக்கொள்கிறான் குமார்.