‘ங்க’ போடாத மாப்பிள்ளை

நேற்றுச் சாயங்காலம் எங்கள் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் ஒரு படம் வந்தது. வாசலில் யாரோ நிற்கிறார். கீழே ‘இவரைத் தெரியுமா?’ பார்சல் கொண்டுவந்தவர்தான். நானோ படத்தையே பார்த்துக்கொண்டு நின்றதில், பால் பொங்கி அடுப்பில் வழிந்து தீய்ந்துபோயிற்று.

தீய்ந்த வாசனை என்றாலே எனக்குக் காந்திபுரம் பேக்கரிதான். கல்யாணமான புதிதில் அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தேன். தினமும் ஏதாவது ஒன்று தீயும். அப்போது தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் ஊரில், தோட்டத்து வீடுகளில் அடுத்தடுத்துத் திருட்டு. போலீசுக்கு உதவியாக ஊர்க்காரர்களே கண்காணிப்புக் குழு ஆரம்பித்தார்கள். ஸ்டேஷனில் விசில் கொடுத்து, “பார்த்தாப் போன் பண்ணுங்க, கை வெக்காதீங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். தோட்டத்தில் அப்பா தனியாக இருந்தார். நான்தான் ஊரறிந்த பயந்தாங்கொள்ளியாயிற்றே, அந்தக் குழுவின் வாட்ஸப்பில் நானும் சேர்ந்துகொண்டேன்.

எங்கள் கல்யாணம் திருநெல்வேலியில், வீட்டுக்காரர் ஊரில் நடந்தது. அதனால் எங்கள் ஊரில் அவரை யாருக்கும் தெரியாது. அப்பா கேட்ட டார்ச் லைட்டோடு ஒருநாள் தனியாகக் கிளம்பினார், பாவம். பஸ்ஸிலிருந்து இறங்கியவர், கண்காணிப்புக் குழுவில் இருந்த பக்கத்துத் தோட்டத்து ராசு அண்ணனிடமே, “அண்ணாச்சி, வேலுச்சாமி தோட்டம் எங்கன இருக்கு?” என்று கேட்டிருக்கிறார். எதற்கு என்று அண்ணன் கேட்டதற்கு, கூச்சத்தில், “சும்மா பாக்கத்தான்.”

நான் பேக்கரியில் இருக்கும்போது குழுவில் படம் வந்தது. தென்னை மரத்தடியில், துண்டால் கை கட்டி, உதடு கிழிந்து, என் வீட்டுக்காரர்! கீழே ‘புடிச்சாச்சுங்க’. ஐயோ! பில்லை அப்படியே போட்டுவிட்டுப் போன் பண்ணினேன். ராசு அண்ணன் போனை எடுக்கவே இல்லை. இன்னும் அடிக்கிறார்களோ, உயிரோடு விடுவார்களோ என்று என்னென்னவோ ஓடியது. கடைசியில் எடுத்தார்.

“அண்ணா, அவரு எங்கூட்டுக்காரருங்க! கை வெச்சுப்போடாதீங்க!”

“வெச்சுப்போட்டமே அம்மணி...”

பிறகு அழாக்குறையாகச் சொன்னார்: “மாப்பிள்ளைன்னுதான் சொன்னாருங்க. பேச்சுல ஒரு ‘ங்க’ இல்லீங்களே, நம்மூட்டு மாப்பிள்ளை அப்படியா பேசுவாருன்னு...”

என்ன மரியாதை பாருங்கள், “கையக் காட்டுங்க” என்று சொல்லித்தான் கட்டினார்களாம்!

உதடு ஆறிவிட்டது. குழுவும் கலைந்து, முக்குக்கு முக்கு கேமரா வந்துவிட்டது. அவரோ கண்டக்டர், காய்காரம்மா, யாராயிருந்தாலும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுகிறார். முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. கல்யாணமான புதிதில் என்னை “ஏட்டி” என்று கூப்பிடுவார். அதில் அத்தனை உரிமை இருக்கும். அதுவும் நின்றுபோயிற்று. ஒருநாள் வாய்விட்டே கேட்டேன், “பழையபடி கூப்பிடுங்களேன்.”

அவர் ஜன்னலை ஒரு பார்வை பார்த்தார்.

“மெதுவாப் பேசுங்க. வெளிய யாராச்சும் இருப்பாங்க.”