சேஷராயர் மண்டபத்தில் கூப்பிட்ட பெயர்

"பொறவியிலேயே பேச வராதாம்மா?" என்று ஸ்ரீரங்கம் கோயிலில் காட்டூர் அம்மாள் அண்ணியைக் காட்டி என்னிடம் கேட்டார். அண்ணிக்கு நான்கு மொழிகள் தெரியும் என்று நான் சொல்லவில்லை. கரென், பர்மியம், பள்ளிக்கூடத்தில் படித்த கொஞ்சம் ஆங்கிலம், வீட்டுக்காரரிடம் கேட்டுக் கேட்டுப் பழகிய தமிழ். வெயிலுக்கு வெறுங்காலில் நிற்க முடியவில்லை என்று ஏதோ பதில் சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

அது 1964, கார்த்திகை மாதம். பர்மாவில் கடைகளை அரசாங்கம் எடுத்துக்கொண்டதால் நம்மவர்கள் கப்பல் கப்பலாகத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். பசீனில் நெல் வியாபாரம் செய்துவந்த என் சித்தப்பா மகன் முருகையன் அண்ணனும் மனைவியோடும் மூன்று வயதுப் பெண்ணோடும் சென்னையில் வந்து இறங்கினார். அண்ணியின் பெயர் மூபோ. ஐராவதி கடலில் கலக்கும் சமவெளியில் நெல் விளைவிக்கும் கரென் மக்களில் ஒருத்தி. பர்மாவிலேயே அவர்கள் சிறுபான்மையினர். பேசுவது பர்மியம் அல்ல, தனி மொழி. குழந்தையின் பெயர் லாசே. அவர்களைச் சித்தியிடம் கொண்டுபோய் விட, பெண்துணையாக நானும் போனேன்.

எழும்பூரில் இரவு ரயில் ஏறினால் விடியும்போது கொள்ளிடம் பாலம் வந்துவிடும். தூங்கிவிடாதீர்கள், பார்க்க வேண்டிய இடம் அது. அந்த மாதம் தண்ணீர் கரைக்குக் கரை போய்க்கொண்டிருந்தது. "எங்க ஆறு மாதிரி," என்றாள் அண்ணி. இரவெல்லாம் அவள் மாமியாரிடம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்தாள். "அத்தை, நல்லா இருக்கீங்களா? என்னை உங்க பொண்ணா நெனைச்சுக்குங்க." எங்கே மூச்சு விடுவது என்று மட்டும் என்னிடம் கேட்டாள்.

ஸ்ரீரங்கத்தில் இறங்கி மண்ணச்சநல்லூருக்குப் பஸ். ஏழெட்டு மைல்தான், ஆனால் நெல் மூட்டை வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் ஒரு மணி நேரம் ஆகிவிடும். சித்தியின் வீடு அரிசி ஆலைக்குப் பின்பக்கம். சித்தப்பா இறந்தபின் சித்தியும் மகள் சரோஜாவும் மட்டும் இருந்தார்கள்.

அண்ணி வாயெடுப்பதற்குள் சித்தி அண்ணனைப் பார்த்துச் சொன்னார்: "அவளைப் பேச வேணாம்னு சொல்லுப்பா. ஞாயித்துக்கெழமை சரோஜாவப் பாக்க காட்டூர்லேந்து வராங்க. மருமவ பர்மாக்காரின்னு தெரிஞ்சா அப்படியே எந்திரிச்சுப் போயிடுவாங்க. வாய் பேச வராதுன்னு சொல்லிவச்சிருக்கேன்."

"எம்மா, அவளுக்குத் தமிழே வருதும்மா."

"அந்தத் தமிழக் கேட்டா மாடு கூட மெரளும். மூணாவது எடம்டா இது. மூஞ்சியப் பத்திக் கேட்டா கொல்லிமலப் பக்கம்னு சொல்லிக்கலாம். புள்ளைக்குப் பேரு செல்வி. தெரிஞ்சுதா?"

அண்ணன் மொழிபெயர்க்கத் திரும்பினார். அவளுக்கு ஏற்கெனவே புரிந்திருந்தது. "பேசலைன்னா நாங்க இங்க இருக்கலாமா?" என்று அவரிடம்தான் கேட்டாள். இருக்கலாம் என்றார். அவர்களுக்குப் போக வேறு இடம் இல்லை. மனப்பாடம் செய்த இரண்டு வாக்கியங்களும் அவளிடமே இருந்துவிட்டன.

எங்கள் பக்கம் முதல் தடவை பெண்ணைக் கோயிலில் வைத்துப் பார்ப்பார்கள். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்ததாகச் சொல்லிக்கொண்டு இரு தரப்பும் கலைந்துபோகலாம். மாப்பிள்ளையின் அம்மாவான காட்டூர் அம்மாளும் மாப்பிள்ளையின் அத்தையும் காலையிலேயே வந்துவிட்டார்கள். தரிசனம் முடித்துக் கிழக்கே ஆயிரங்கால் மண்டபத்தைப் பார்த்துவிட்டு, எதிரே சேஷராயர் மண்டபத்துக்கு வந்தோம். முன்னங்கால் தூக்கிப் பாயும் கல் குதிரைகள் அங்கேதான் இருக்கின்றன. அன்று முகூர்த்த நாள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கல்யாணக் கூட்டம்.

சரோஜாவின் பின்னலை அந்த அத்தை கையில் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் குழந்தையைக் காணவில்லை என்பது தெரிந்தது.

"செல்வி! செல்வி!" என்று அண்ணன் கத்தினார். சித்தி கத்தினார். காட்டூர் அம்மாளும் சேர்ந்துகொண்டார். பெயர் வைத்து நான்கு நாள் ஆகியிருந்தது. அது தன் பெயர் என்று அந்தக் குழந்தைக்கு எப்படித் தெரியும்? அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு தூணுக்குத் தூண் ஓடினாள். அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தாள், நீயாவது கூப்பிடு என்பதுபோல. அவர் காட்டூர் அம்மாளைப் பார்த்தார், மறுபடியும் "செல்வி!" என்றார்.

அண்ணி வாயிலிருந்து கையை எடுத்தாள். "லாசே!" அதற்குப் பின்னால் கரென் மொழியில் ஏதேதோ, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி. ஒரு குதிரைக்குப் பின்னாலிருந்து, "மோ!" என்று பதில் வந்தது. அவர்கள் மொழியில் அம்மா. குழந்தை அழவில்லை. கல் குதிரையின் வயிற்றைத் தடவிக்கொண்டு நின்றிருந்தது.

எல்லாரும் எங்களைப் பார்த்தார்கள். முடிந்தது என்று நினைத்தேன். சித்தியை நான் குறைவாக எடை போட்டிருந்தேன்.

"ரங்கநாதா!" என்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினார். "ஊமைக்குப் பேச்சக் குடுத்துட்டியே!"

காட்டூர் அம்மாள் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கல்யாணக் கூட்டம் எங்களைச் சூழ்ந்தது.

"மொதல்ல என்னமோ உளறுச்சே?" என்றார் மாப்பிள்ளையின் அத்தை.

"நாக்கு இப்பத்தானே அவுந்திருக்கு, பின்ன கச்சேரியா பண்ணும்?" என்றார் காட்டூர் அம்மாள். "எங்க தாயி, ஒரு வார்த்தை பேசு."

அண்ணி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு சித்தியைப் பார்த்தாள். "அத்தை, நல்லா இருக்கீங்களா? என்னை உங்க பொண்ணா நெனைச்சுக்குங்க." மூச்சு விட வேண்டிய இடத்தில் விட்டாள்.

"மழலை மாதிரியே இருக்கு பாருங்க!" என்று யாரோ அழுதார்கள். சித்தியும் அழுதார். அது நடிப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. சாமி கண் திறந்து பார்த்த குடும்பத்தில்தான் பெண் எடுப்பேன் என்று காட்டூர் அம்மாள் அங்கேயே பூ வைத்துவிட்டார்.

அன்று மாலை சித்தி அண்ணியிடம் தன்மையாகவே சொன்னார்: "இனிமே நீ தாராளமாப் பேசலாம்மா. தமிழ் மட்டும். அந்தப் பாஷை ஒரு வார்த்தை வெளிய வந்தாலும் ஊரு நம்மளக் காறித் துப்பும். புள்ளகிட்டயும்தான்."

அற்புதம் என்பது செலவில்லாமல் கிடைப்பதில்லை. அதற்கான விலையை யார் கொடுத்தது என்று அன்று கன்னத்தில் போட்டுக்கொண்ட யாருக்கும் தெரியாது.

ஸ்ரீரங்கம் போகிறவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏறிவிட்டால் தரைக்கல் சுடும். முகூர்த்த நாட்களைத் தவிருங்கள். திருவானைக்காவல் பக்கத்திலேயே இருக்கிறது, குதிரை வண்டி கிடைக்கும். சேஷராயர் மண்டபத்தில் குழந்தையின் கையை விடாதீர்கள். விட்டுவிட்டால், அதற்குத் தெரிந்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சரோஜாவின் கல்யாணம் தை மாதம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து நான் மண்ணச்சநல்லூர் போனேன். ஆலைக் களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்தது. சற்றுத் தள்ளி முதுகைக் காட்டிக்கொண்டு குழந்தை கோழியை விரட்டிக்கொண்டிருந்தது. "லாசே," என்று கூப்பிட்டேன். அது திரும்பவில்லை. நெல்லைத் துழாவிக்கொண்டிருந்த அண்ணிதான் திரும்பிப் பார்த்தாள்.