பிரகதாம்பாள் கடைக்குப் போகாத நாள்

சித்திரை முகூர்த்தங்கள் முடிந்து வரத்து குறைந்திருந்த ஒரு காலையில், தராசில் காக்கரட்டான் பூ மூட்டையை வைத்துக்கொண்டே சத்யா அதைச் சொன்னாள்.

"அக்கா, எங்க வீட்டுக்காரவுகளுக்கு அங்கிட்டு வீடு கெடச்சிருச்சு. என்னையும் கூட்டிக்கிட்டுப் போறாகளாம்."

"சிங்கப்பூருக்கா?"

"ஆமாக்கா. ஆடிக்கு முன்னாடி."

"நல்லது புள்ள. போகவேண்டியதுதானே" என்றாள் பிரகதாம்பாள். அப்புறம் மூட்டையின் எடையை இரண்டு தடவை பார்த்தும் அவள் மனசில் நிற்கவில்லை.

கீரமங்கலத்தில் அந்தப் பூ கமிஷன் கடையை அவளுடைய மாமனார் ஆரம்பித்தார். அவருக்குப் பின் அவள் கணவர் ரெங்கராஜ் கொஞ்ச காலம் பார்த்துவிட்டு, தங்கை கல்யாணக் கடனை அடைக்க குவைத்துக்குப் போனார். அங்கே கம்பெனி வேன் ஓட்டுகிறார். கடை பிரகதாம்பாள் கைக்கு வந்தது. கஜா புயல் அடித்த வருஷம் அவர் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புவதாக இருந்தார். புயலில் தென்னை எல்லாம் சாய்ந்து, வீட்டுக் கூரையும் போன பிறகு, அந்தப் பேச்சை இருவருமே எடுக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருவார், ஒரு மாதம் இருப்பார், போய்விடுவார்.

புயலுக்கு அடுத்த வருஷம்தான் சத்யா வேலைக்கு வந்தாள். பில் எழுத வந்த பெண், கொஞ்சம் கொஞ்சமாகக் கடையின் குரலாகவே ஆகிவிட்டாள். "இன்னைக்கு முல்லை பறிக்கலாமா?" என்று விவசாயிகள் அவளைத்தான் கேட்பார்கள். பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வியாபாரிகள் அவளிடம்தான் விலை பேசுவார்கள். எல்லோரிடமும் இருப்பது சத்யாவின் சொந்த செல் நம்பர். கடை போர்டிலும் அந்த நம்பரைத்தான் எழுதியிருந்தார்கள்.

சத்யா போகிறாள் என்றதும் பிரகதாம்பாள் வேறு ஆள் தேடினாள். முதலில் வந்த பையன் விவசாயிகளிடம் எரிந்து விழுந்தான். அடுத்து வந்த பெண் நன்றாகவே வேலை பார்த்தாள். அவளையும் பிரகதாம்பாள் வேண்டாம் என்றுவிட்டாள். மூன்றாவது ஆளும் திரும்பிப் போனபோது சத்யாவுக்குப் பொறுக்கவில்லை.

"யாரையுமே ஒங்களுக்குப் பிடிக்கலை. இப்படியே போனா நான் பிளேன் ஏறுற அன்னைக்கும் இங்க பில் போட்டுக்கிட்டு இருக்கணும்."

"இருந்துட்டுப் போயேன்" என்றாள் பிரகதாம்பாள். சிரிக்கத்தான் நினைத்தாள். குரல் ஒத்துழைக்கவில்லை.

பிறகு சத்யாவே ஒரு வழி சொன்னாள். ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டாம். பக்கத்துத் துணிக்கடையில் பில் போடும் சுகுணாவை எடை, பில்லுக்கு வைத்துக்கொள்ளலாம். மூட்டை கட்டும் பிச்சைமுத்துவே பஸ்ஸில் ஏற்றுவதையும் முழுக்கப் பார்த்துக்கொள்ளட்டும். போனை மட்டும் அக்கா எடுக்க வேண்டும். செல் நம்பரைக் கடைக்கே விட்டுவிட்டுப் போகிறேன் என்றாள்.

நம்பரைப் பெயர் மாற்ற இருவரும் புதுக்கோட்டைக்கு பஸ் ஏறினார்கள். ஆலங்குடி தாண்டியதும் சத்யா புருஷன் அனுப்பிய வீடியோவைக் காட்டினாள். சின்ன அறை, ஜன்னல், துணி காயப்போடும் கம்பி. ஒரு மூலையில் புதுசாக வாங்கிய மிக்ஸி, பெட்டியோடு.

"நீங்க ஒருக்காகூட குவைத்து போகலையாக்கா?"

"பாஸ்போர்ட்டு எடுத்து வச்சிருந்தேன். அடுத்த வருசம் அடுத்த வருசம்னு அதுவும் காலாவதியாகிப் போச்சு. கடைய யாருகிட்ட விட்டுட்டுப் போறது, சொல்லு?"

சத்யா செல்லைப் பையில் போட்டாள். அந்த வீடியோவை இன்னொரு தடவை காட்டச் சொல்ல பிரகதாம்பாளுக்கு ஆசையாக இருந்தது. கேட்கக் கூச்சமாக இருந்தது.

வைகாசிக் கடைசியில் சத்யா, "நாளைக்கு நான் வரமாட்டேன். நான் போயிட்டதாவே நெனச்சுக்கங்க" என்றாள். அந்த நாள் கடை நாறிப்போனது. போன் எடுத்தால் "சத்யா இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்தார்கள். பட்டுக்கோட்டைக்கு முல்லை போக வேண்டிய பஸ்ஸில் சம்பங்கி போய்ச் சேர்ந்தது. வியாபாரி போட்ட சத்தத்தில் பிரகதாம்பாளுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. மறுநாள் சத்யா வந்து எங்கே தவறியது என்று கேட்டாள். பிச்சைமுத்து மூட்டைகளில் ஊருக்கு ஒரு நிறக் கயிறு கட்டத் தொடங்கினார். அடுத்த வாரம் மறுபடி சத்யா வராமல் இருந்தாள். அன்று எல்லா மூட்டைகளும் சரியான ஊருக்குப் போயின.

"இப்ப என்னோட சேந்து நீங்களும் ஒரு நா வராம இருங்க" என்றாள் சத்யா.

"எதுக்குடி?"

"நான் போனதுக்கப்பறம் ஒங்களுக்கு ஒரு காச்ச தலவலி வந்தா? பாப்போம், வீட்டுலயே இருங்க."

அப்படித்தான் கடைப் போனைச் சுகுணாவிடம் விட்டுவிட்டு பிரகதாம்பாள் ஒரு புதன்கிழமை வீட்டில் இருந்தாள். மகள் திருச்சியில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். குவைத்துப் பணத்தில் புயலுக்குப் பின் கட்டிய வீடு. பகல் வெளிச்சத்தில் அதை அவள் அதிகம் பார்த்ததில்லை. மாடியறையில் ரெங்கராஜுக்காக வாங்கிய கட்டிலின் பிளாஸ்டிக் உறை ஒரு பக்கம் பிரிக்காமலே இருந்தது. அதில் உட்கார்ந்தாள். கடையிலிருந்து போன் வரும் என்று பார்த்தாள். வரவில்லை. அப்போதுதான் கணவரைக் கூப்பிட்டாள்.

இரவில் மட்டுமே பேசிப் பழகிய ரெங்கராஜ் பதறிவிட்டார். "யாருக்கு என்ன?"

"யாருக்கும் ஒண்ணுமில்ல. கடைக்குப் போகல. வீட்டுல சும்மா இருக்கேன்."

"ஒடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நான் இல்லாமலே கடை ஓடுதுங்க." பிறகு கேட்டாள். "நான் அங்க வரட்டுமா?"

அவர் வேனை ஓரம் கட்டும் சத்தம் கேட்டது. "இங்க எங்க புள்ள வருவ? ஒரு ரூம்ல ஆறு பேரு கெடக்கோம். குடும்ப விசா குடுக்குற அளவுக்கு எனக்குச் சம்பளம் இல்ல."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல."

"சொல்லி என்ன பண்ண? நீ ஆசையா பாஸ்போர்ட்டெல்லாம் எடுத்து வச்சிருந்த."

போனில் அந்தப் பக்கம் வண்டிகள் போயின.

"சத்யா எடத்துக்கு ஆளு கெடச்சிருச்சா?" என்று கேட்டார்.

"பாதி வேலைக்குக் கெடச்சிருச்சு. ஊரு ஊராப் போயி வியாபாரிகளப் பாக்க ஆளு இல்ல."

"அதுக்கு டிரைவிங் தெரிஞ்ச ஆளு ஆகுமா?"

அவள் கட்டிலிலிருந்து எழுந்துவிட்டாள். "வாரேன்னு நீங்க ஒருக்காகூட சொல்லலையே."

"வாங்கன்னு நீ ஒருக்காகூட சொல்லலையே. நான் இல்லாமத்தான் எல்லாம் நல்லா நடக்குதேன்னு இருந்துட்டேன்."

"வாங்க" என்றாள் பிரகதாம்பாள். "போதும். வந்துருங்க."

ஆனிக் கடைசியில் சத்யா போனாள். திருச்சி ஏர்போர்ட்டில் கண்ணாடிக் கதவு வரைக்கும் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போன பிரகதாம்பாள், திரும்பி வரும் வழியெல்லாம் கடைப் போனைக் கையிலேயே வைத்திருந்தாள். ஆடி முழுக்க "சத்யா இல்லையா?" என்று போன் வந்துகொண்டே இருந்தது. "சிங்கப்பூர் போயிருக்கு. நான் பிரகதா பேசுறேன், சொல்லுங்க" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குப் பழகிவிட்டது. சில நாள் சத்யாவே கூப்பிடுவாள். மல்லி என்ன விலை என்று கேட்பாள். சொன்னதும் இரண்டு பேருமே கொஞ்ச நேரம் போனை வைக்காமல் இருப்பார்கள்.

ரெங்கராஜ் தீபாவளிக்கு வந்துவிடுவேன் என்றார். கம்பெனி விடவில்லை. தையில் என்றார். அதுவும் தள்ளிப்போனது. ஒவ்வொரு தடவையும் பிரகதாம்பாள் மாடியறையைக் கூட்டி, போர்வையை வெயிலில் போட்டு, பிறகு மடித்து வைத்தாள். மாசியில், கடையில் கூட்டம் நெரியும் ஒரு முகூர்த்த நாள் காலையில், பெட்டியோடு அவர் வாசலில் வந்து நின்றார். முடி பாதி நரைத்திருந்தது. அவளுக்கு ஒரு கையில் போன், இன்னொரு கையில் மூட்டை. சுகுணாதான் எழுந்து நாற்காலி போட்டாள்.

இத்தனை காலம் போனில் பேசியவர்களுக்கு நேரில் பேச வரவில்லை. சாப்பாடு போடும்போதுகூட ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஒதுங்கினார்கள். தூக்கம் கலைந்தால் பக்கத்தில் ஆள் இருப்பது தெரிந்து அவள் திடுக்கிடுவாள். அப்புறம் அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டு விழித்தே கிடப்பாள்.

பங்குனியில் ஒரு பழைய வேன் வாங்கினார்கள். வியாபாரிகளைப் பார்க்க ரெங்கராஜ் முதல்முறையாகப் பட்டுக்கோட்டைக்குத் தனியாகப் போனார். சாயங்காலம் ஆகியும் வரவில்லை. பிரகதாம்பாள் கடை வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தாள். கடைசியில் போன் போட்டாள்.

"எங்க இருக்கீங்க?"

"பேராவூரணி தாண்டிட்டேன்" என்றார். "இந்தா வந்துட்டேன்."

போனை வைத்துவிட்டு அவள் ரோட்டைப் பார்த்தபடி வாசலிலேயே நின்றாள்.